பாங்குக்கு முன்

ஷஃபான் பிறை 27, ஞாயிறு

எடை கூடவில்லை. தண்ணீர் பாட்டிலில் இரண்டு மடக்கு மிச்சம்.

இதை மட்டும் எழுதத்தான் நர்ஸ் தேவகிருபை இந்த டைரியைக் கொடுத்தாள். ஏதோ மருந்துக் கம்பெனியின் போன வருடத்து டைரி. "அக்கா, பாய் குடிக்கிற தண்ணி, காலையில எடை, ரெண்டையும் தினம் எழுதிட்டு வாங்க" என்றாள். அதற்கு அரை வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது. பீடி இலை வெட்டும்போது விழும் துண்டைக்கூட வீணாக்காத கை இது. பத்தாவது வரை படித்ததற்கும் ஏதாவது பயன் வேண்டாமா?

இவர், என் வீட்டுக்காரர், எங்கள் தெருப் பள்ளிவாசலில் முப்பது வருடத்துக்கு மேல் மோதினாராக இருந்தார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஆட்களைத் தொழுகைக்கு அழைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கிட்னியும் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் நாளுக்கு அரை லிட்டர் பாட்டில்தான். காப்பி, ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம்.

இன்னும் சில நாளில் ரமலான். எனக்கு இப்போதே அலுப்பாக இருக்கிறது. அல்லா மன்னிக்கட்டும்.

ஷஃபான் பிறை 29, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், பள்ளியில் தொழ வைக்கும் ஹஜரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோவைப் பள்ளிவாசல் முன் நிறுத்தினோம். ஹஜரத் இறங்கி வந்து ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மீரா சாகிபு, உங்களுக்கு நோன்பு கடமையில்ல. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்திருங்க, அதான் ஃபித்யா. அல்லா லேசாக்கித் தந்திருக்கான். நாமளா அதப் பாரமாக்கக் கூடாது."

இவர் சரி என்று தலையாட்டினார். போன வருடம் இதே பேச்சுக்கு மூன்று நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர். இந்த வருடம் புத்தி வந்திருக்கிறது. தெருமுனையில் தனியாக இருக்கும் கதீஜா மாமிக்குத் தினம் சாப்பாடு கொடுப்பதாக முடிவு செய்தோம். இன்னொரு ஆளுக்குச் சேர்த்து உலை வைக்க வேண்டியது நான்தான்.

ரமலான் பிறை 1, வியாழன்

தலை நோன்பு. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு என்னை எழுப்பியது இவர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கை சோறும் சாப்பிட்டார்.

"நீங்க எதுக்கு எந்திரிச்சிய?" என்று கேட்டேன்.

"நீ ஒத்தையில உக்காந்து திங்காண்டாமேன்னுதான்."

கல்யாணமாகி முப்பத்தைந்து ரமலானில் இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது? அந்த நேரத்தில் பள்ளிவாசலில் ஊரை எழுப்பிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

பிறை 2, வெள்ளி

ஆஸ்பத்திரி. நோன்போடு பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி விழுந்தேன். பக்கத்து பெட்டு பலவேசம் அண்ணாச்சி லாரி ஓட்டியவர். உடம்பில் கிட்னி இல்லாவிட்டாலும் வாய்க்குக் குறைவில்லை. "பாய், நோன்புக் கஞ்சி எனக்கு ஒரு தூக்குவாளி வந்துரணும், சொல்லிட்டேன்" என்றார். அவர் சம்சாரம், "தூக்குவாளி நெறைய குடிச்சிட்டு எந்த ஊருக்குப் போகப் போறிய?" என்று வாயை அடைத்தாள். நர்ஸ் கொடுத்த ரொட்டியை இவர் பலவேசத்திடம் நீட்டிவிட்டார். பசியில்லையாம்.

மெஷினில் கிடக்கும்போது இவர் வாய்க்குள் ஓதிக்கொண்டே இருப்பார். இன்று கொஞ்சம் சத்தமாகவே ஓதினார். ஜும்மா நேரத்தில் பள்ளியில் இருக்க முடியவில்லை என்ற வருத்தம் அது.

பிறை 5, திங்கள்

இட்லியை வைத்துவிட்டுப் சுற்றிய பீடிக் கட்டுகளைக் கம்பெனியில் போடப் போனேன். வந்து பார்த்தால் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நேற்றும் அப்படித்தான். தின்ற தட்டைத் தாண்டிப் போகும் மனிதர். ரமலான் மாதம் என்னவெல்லாம் செய்கிறது!

கொல்லையில் கட்டியிருக்கும் ஆடு இரண்டு நாளாகத் தழையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

பிறை 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எழுதத் தெம்பில்லை.

பிறை 8, வியாழன்

இன்று தெருவே சிரிக்கவா அழவா என்று நின்றது.

நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தோம். இவருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சியும் ஒரு பேரீச்சம்பழமும் வைத்திருந்தேன். பாங்கு சொன்னது. பழத்தை வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்துவிட்டேன். இவர் கையில் எடுத்த பழத்தைத் திரும்ப வைத்தார்.

"நேரம் ஆகலளா. எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிய பாரு, வெயில் கெடக்கு."

எட்டிப் பார்த்தேன். மாடித் தொட்டியின் தலையில் மஞ்சள் வெயில் இன்னும் இருந்தது. நான் மட்டுமா, தெரு முழுக்க வாய் வைத்தாகிவிட்டது. பத்து நிமிடம் கழித்துத்தான் மற்றப் பள்ளிகளில் பாங்கு கேட்டது. புது மோதினார் அப்பாஸ் போன வாரம் சென்னைக்குப் போய் வந்திருக்கிறார். அங்கே போனில் தொழுகை நேரத்தைச் சென்னைக்கு மாற்றியவர் திரும்ப மாற்றவில்லை. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பாங்கு சொல்லிவிட்டார். சென்னையில் சூரியன் முந்தி அடையும் என்று இப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். சரியான நேரத்துப் பாங்குக்கு முன் திறந்த நோன்பு செல்லாது. பெருநாள் கழிந்து எல்லாரும் ஒரு நோன்பைக் கழாவாகத் திரும்ப வைக்க வேண்டும் என்று ஹஜரத் மைக்கில் சொன்னார். தெருவில் ஒரே சத்தம்.

தொழுகை முடிந்து அப்பாஸ் இவரிடம் வந்து கண் கலங்கி நின்றார். இவர் கோபிக்கவில்லை. "பாங்கு நம்ம வாயில வருதே தவிர நேரம் நம்ம கையில இல்ல தம்பி. வெயிலப் பாத்துப் பழகு" என்று மட்டும் சொன்னார்.

நோன்பில்லாத மனிதர் எதற்குப் பழத்தைக் கீழே வைத்தார் என்று எழுதும்போது தோன்றுகிறது. பழக்கமாக இருக்கும்.

பிறை 10, சனி

கம்பை ஊன்றிக்கொண்டு அஸர் தொழுத பிறகு தெருவில் வீடு வீடாகப் போனாராம். "அறிஞ்சும் அறியாமலும் ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கிடுங்க" என்று கேட்டாராம். முடிவெட்டுகிற சேட்டிடம் கேட்டாராம். என்றைக்கோ அழுகல் மீன் என்று சண்டை போட்ட மீன்காரியை நிறுத்திக் கேட்டிருக்கிறார். அவள் பயந்துபோய்க் கூடையை இறக்காமலே போய்விட்டாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்தான் இப்படி எல்லாரிடமும் மன்னிப்பாகப் பொருத்தம் கேட்பார்கள். இவர் டவுனுக்குப் போவதே ஆட்டோவில்தான்.

கடையநல்லூரிலிருந்து மகள் ஜொகரா போன் செய்தாள். "உம்மா, வாப்பா எங்கிட்ட ஏன் அப்பிடிக் கேட்டாக?" என்று ஒரே அழுகை. "வாப்பாவுக்குப் பொழுது போகல, நீ அழாத" என்று சொல்லி வைத்தேன். இளகிய மாதம், இளகிய மனம். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை. சம்சா மாவு பிசைய வேண்டும்.

பிறை 12, திங்கள்

ராத்திரித் தராவீஹ் தொழுகை முடிந்து ஹஜரத்தின் பயான். பீடி சுற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டேன். அய்யூப் நபியின் பொறுமையைப் பற்றிச் சொன்னார். எத்தனை வருட நோய், எத்தனை இழப்பு, ஒரு முணுமுணுப்பு உண்டா என்று கேட்டார். உண்மைதான். அவருடைய பீவி வீடு வீடாக வேலை செய்து அவருக்குக் கஞ்சி ஊற்றியதைப் பற்றியும் சொன்னார். ஒரு வாக்கியம். பிறகு மறுபடியும் அவருடைய பொறுமைக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பீவியிடம் கேட்க நிறைய இருக்கிறது. ராத்திரி இடுப்புவலிக்கு என்ன செய்தீர்கள்? அவர் தாகத்தோடு கிடக்கும்போது நீங்கள் எங்கே ஒளிந்து தண்ணீர் குடித்தீர்கள்? நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று குடிக்கிறேன்.

பிறை 13, செவ்வாய்

மெஷின் பழுதாம். நர்ஸ் போன் செய்து வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்றாளாம். போனை எடுத்தவர் இவர். நான் மறு கேள்வி கேட்கவில்லை. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவள் அஸர் பாங்குக்குத்தான் எழுந்தேன்.

பிறை 14, புதன்

காலில் வீக்கம். தராசில் ஏற மாட்டேன் என்கிறார்.

பிறை 16, வெள்ளி

இன்று நான் வர வேண்டாம், பலவேசம் வரும் ஆட்டோவில் ஏறிக்கொள்கிறேன் என்றார். "நீ கொஞ்சம் கண்ணசரு, மூஞ்சியப் பாரு, எப்படிக் கெடக்கு" என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளைச் சட்டை கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்தார். டயாலிசிஸ் முடிந்தால் முகம் வற்றியிருக்கும். இன்று ஊதியிருந்தது. எடை எழுத மறந்துவிட்டார்களாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தூசியாக இருக்கும்.

பிறை 17, சனி

தூசியில்லை.

காலையில் தேவகிருபை என் போனுக்கே கூப்பிட்டாள். "அக்கா, பாய்க்கு எப்படி இருக்கு? செவ்வாயும் வரல, நேத்தும் வரல. ஊருக்கு எங்கயும் போயிட்டீங்களா?"

"மெஷின் பழுதுன்னு நீதானே சொன்ன?"

"மெஷினா? அது நல்லாத்தானே ஓடுது!" அப்புறம் அவள் குரல் மாறியது. "அக்கா, உடனே கூட்டிட்டு வாங்க. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா அவ்வளவுதான்."

உள்ளே போனேன். சுவரோரம் சாய்ந்திருந்தார். மூச்சு அடுப்பு ஊதுகுழல் மாதிரி சத்தம் போட்டது. முன்னால் வைத்திருந்த இட்லியைத் தொடவில்லை. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கழுவிய தட்டு, தழை தின்னாத ஆடு, கீழே வைத்த பேரீச்சம்பழம்.

"நேத்து எங்க போனிய?"

"ஆத்தங்கரைப் பள்ளியில இருந்தேன்."

"நோன்பு வைக்கியளா?"

இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏங்க இப்பிடிப் பண்ணுதிய?"

நின்று நின்று சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கியது. "இந்த மாசத்துல மவுத்தானா நல்லதுளா. சொர்க்கத்து வாசல்லாம் தெறந்து கெடக்கும். அடுத்த ரமலானுக்கு நான் இருக்கணும்னு என்ன? நோன்புல தாகிச்சா அதுக்குக் கூலி இருக்கு. டாக்டர் சொல்லித் தாகிச்சா அதுக்கு என்ன இருக்கு? வெறுந் தாகம். ரெண்டு வருசமா அந்த மெஷின்ல கெடந்து என்ன கண்டேன்? ஒனக்கும் பாரம். நான் போயிட்டா நீ நல்லா ஒறங்குவ."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வெறி ஏற்றியது. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

"வாசல் தெறந்து கெடந்தா கூப்பிடாமப் போயிரலாமா?" என்று கத்தினேன். "கல்யாண வீட்டு வாசலும்தான் தெறந்து கெடக்கும். அழைப்பில்லாமப் போயி பந்தியில உக்காருவியளோ?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அன்னைக்குத் தெருவே வாய் வச்சுது. நீங்க மட்டும் பழத்தக் கீழ வச்சிய. ஏன் வச்சிய?"

"நேரம் ஆகல."

"பத்து நிமிசந்தானே. பசியில கெடக்குற மனுசனுக்குப் பத்து நிமிசம் என்ன பெரிய கணக்கு? தின்னிருக்க வேண்டியதுதானே!"

"பாங்குக்கு முன்ன தெறந்தா அது நோன்பாளா?" என்றார். பட்டென்று வந்தது. முப்பது வருடமாக எத்தனை பேரிடம் சொன்ன பதில் அது! சொல்லி முடித்ததும் அவரே நிறுத்திக்கொண்டார்.

பிறகு நான் மெதுவாகத்தான் சொன்னேன். "ரெண்டு வருசமா அரை லிட்டர் தண்ணியில இருக்கிய. இந்த நோன்ப வைக்கச் சொன்னது டாக்டர்னா நெனைக்கிய? அவரு யாரு நமக்கு நோன்பு விதிக்க? இது வச்சவன் வேற. இதுக்குப் பாங்கு சொல்ல வேண்டியவனும் அவன்தான். அவன் இன்னும் சொல்லல. நீங்க வாய் வைக்கப் பாக்கிய."

கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு. தெரு முழுக்கப் பொருத்தம் கேட்டிய. மீன்காரிகிட்டக் கேட்டிய. எங்கிட்டக் கேட்டியளா?"

"ஒங்கிட்டக் கேட்டா நீ கண்டுபிடிச்சிருவ."

"இப்பக் கேளுங்க."

கையைப் பிடித்தார். விரல்கள் வீங்கி மோதிரம் புதைந்திருந்தது. "பொருந்திக்கிடு மைமூன்."

"மாட்டேன்" என்றேன். "நான் பொருந்திக்கிட மாட்டேன். நான் பொருந்தாம நீங்க எந்த வாசல்ல நுழையுதியன்னு பாப்போம்."

அழுதாரா, மூச்சுக்கு ஏங்கினாரா என்று தெரியவில்லை. கடைசியில், "ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

நான் சொன்னது மார்க்கப்படி சரியா என்று தெரியாது. ஹஜரத்திடம் கேட்கப் போவதுமில்லை. கேட்டு அவர் தப்பு என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

பிறை 18, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று வந்ததும் மெஷினில் போட்டார்கள், இன்று மறுபடியும் போட்டார்கள். மூச்சிரைப்பு தணிந்துவிட்டது. டாக்டர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நேற்று எழுதுகிறேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். பதின்மூன்றாம் பிறையன்று நான் நன்றாகத் தூங்கினேன். மெஷின் பழுது என்றபோது நம்பியது போனை நம்பியல்ல. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கால் வீக்கத்தைப் பார்த்தேன். தராசில் ஏற மாட்டேன் என்றதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கென்று கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெம்பில்லாமல் வாங்கிக்கொண்டேன். நான் அவரிடம் பொருத்தம் கேட்க வேண்டும். இப்போது கேட்டால் அவரும் பதிலுக்குக் கேட்பார். அதனால் கேட்க மாட்டேன்.

பிறை 20, செவ்வாய்

பலவேசம் அண்ணாச்சி இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

"ரெண்டு தடவ பக்கத்து பெட்டு காலி. யாருகிட்டக் கேட்டாலும் தெரியலங்காக. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க வாய்க்குள்ள ஏதோ சொல்லிட்டே கெடப்பியல்லா, அதக் கேட்டுத்தான் பாய் நான் ஒறங்குவேன். என்ன சொல்லுதியன்னு ஒரு எழவும் வெளங்காது. ஆனா அது இல்லாம இந்த மெஷின் சத்தம் தாங்க முடியல."

மெஷினை மாட்டியதும் இவர் சத்தமாகவே ஓத ஆரம்பித்தார். தேவகிருபை சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தவள் சொல்லாமல் போனாள்.

ரொட்டியைத் தின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறை 24, சனி

தட்டைக் கழுவவில்லை. அப்படியே தாண்டிப் போனார். அல்ஹம்துலில்லாஹ்.

பிறை 30, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி. கடைசி நோன்பு. நாளை பெருநாள். ஜொகரா பிள்ளைகளோடு வருகிறாள். ஃபித்யாச் சாப்பாடு இன்றோடு முடிந்தது என்று கதீஜா மாமியிடம் சொல்ல நாக்கு வரவில்லை. பெருநாள் முடிந்து பார்க்கலாம்.

இவர் பெருநாள் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, ரமலான் போய்விட்டதே என்று முகத்தைத் துண்டால் துடைத்தார். ஏதோ ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் செய்தது நல்லதா என்று இன்றும் ஒரு தடவை யோசித்தேன். அடுப்பில் வட்டலப்பம் வெந்துகொண்டிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

ஷவ்வால் பிறை 10, திங்கள்

அப்பாஸ் புண்ணியத்தில் வந்த கழா நோன்பை இன்று வைத்தேன். ஊரே தின்றுகொண்டிருக்கும்போது ஒற்றை ஆளாக நோன்பிருப்பது பெரும்பாடு. சஹருக்கு இவர் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சோறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று நான் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

சாயங்காலம் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. பள்ளிவாசல் இன்வர்ட்டரும் பழுது. மைக் இல்லாமல் அப்பாஸ் சொல்லும் பாங்கு எங்கள் வீடு வரை வராது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் தேடினேன்.

"போன வை" என்றார் இவர். நாற்காலியை வாசலுக்கு நகர்த்தி உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். வெயில் தொட்டியின் மூடிக்கு ஏறி, மூடியிலிருந்து போய்விட்டது. நான் பழத்தைத் தூக்கினேன். "பொறு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தார். பிறகு காதில் கை வைத்துப் பாங்கு சொன்னார்.

அது மினாராவில் சொன்ன குரல் இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நின்றது. ஒரு ஆளுக்குக் கேட்கும் அளவுதான். இரண்டு வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பழத்தை வாயில் போட்டதும் தண்ணீர் எடுக்க எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துத் தன் பாட்டிலை நீட்டினார்.

"இதுலயா? இது உங்க தண்ணிங்க."

"ரெண்டு மடக்குக் குடி."

குடித்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போகாமல், அவர் முன்னாலேயே குடித்தேன்.

"இப்பவாவது பொருந்திக்கிடுவியாளா?" என்று கேட்டார். பெருநாளிலிருந்து தினம் கேட்கிறார்.

"மாட்டேன்" என்றேன்.

"நல்லது" என்றார்.

நாளை செவ்வாய். காலையில் ஆட்டோ சொல்லியிருக்கிறது.

எடை சரி. தண்ணீர் அரை லிட்டர், இரண்டு மடக்குக் குறைவு. அது நான் குடித்தது.